முழுநேர மேளக்காரி

கார் வராத கார் நிறுத்துமிடம்

மூடிப்போன தளபாடக் கடை ஒன்றின் பின்பக்கம். பனி உருகி, தார் முழுக்க ஈரம். பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் தோளிலும் அலுமினியச் சட்டம், சட்டத்தில் டிரம். விரல் நுனி வெட்டிய கையுறைகள். வாய்களிலிருந்து புகை புகையாக மூச்சு.

எங்கள் டிரம் கோரின் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி அது. இரண்டாயிரத்து ஒன்பது, மாசி மாதமாக இருக்க வேண்டும்.

தாளக் கணக்கைச் சொல்லும் கருவியின் ஒலிபெருக்கி அன்று காலையிலேயே செத்துவிட்டது. அது இல்லாமல் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு வேகத்தில் போவார்கள். அப்பாவுக்கு போன் பண்ணினேன். அப்பா எலெக்ட்ரீசியன். லண்டனில் எங்கள் வீடு இருந்த மனோர் பார்க்கிலிருந்து பத்து நிமிடத்தில் கருவிப் பெட்டியோடு வந்தார்.

ஐந்து வருடமாக என்னை அந்த வாசலில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்த மனிதர். உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

"வயர் உள்ளுக்கை முறிஞ்சிருக்கு," என்றார். வெட்டி, உரித்து, முறுக்கி, ரேப் நாடா சுற்றினார். 'டக், டக்' என்று சத்தம் வந்தது. பெட்டியை மூடினார். ஆனால் போகவில்லை.

"பிள்ளை, இதிலை ஒராள் பிழையா அடிச்சா எப்பிடித் தெரியும்? பன்ரண்டு பேரும் ஒண்டாத்தானே அடிக்கினம்?"

"காதுக்கும் தெரியும் அப்பா, கண்ணுக்கும் தெரியும். குச்சி எல்லாம் ஒரே உயரத்துக்கு எழும்போணும்."

அப்பா வரிசையின் ஒரு தொங்கல் முனைக்குப் போய்க் குந்தினார். சுவரில் குழாய் நேராகப் போகிறதா என்று பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அரை நிமிடம் இருக்கும்.

"மூண்டாவது பெடியன்ரை இடக்கை ஒரு அங்குலம் கூட."

சரியாகச் சொல்லியிருந்தார். நான் அதைப் பெவுக்கு மொழிபெயர்த்தேன். பெவ் எங்கள் கோரை நடத்துகிறவர். ஐம்பத்தைந்து வயது வெள்ளைக்காரி. வார நாட்களில் சிவப்பு பஸ் ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை ஓட்டுவார். இருபது வருடத்துக்கு மேலாகச் சம்பளம் இல்லாத உத்தியோகம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னைத் தன் வானுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கேதான் கேட்டார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மூன்று பள்ளிக்கூடங்கள் சேர்ந்து டிரம் வகுப்புத் தொடங்கப் போகின்றன. கிழமையில் நான்கு நாள் நான் பழக்க வேண்டும். செப்டம்பரில் ஆரம்பம். மிச்ச நேரத்தில் எங்கள் கோருக்கான தாள இசையை எழுதலாம், வேறு குழுக்களுக்கும் எழுதலாம்.

"ஆனால் உன்னுடைய கவுன்சில் வேலையையும் வைத்துக்கொண்டு இது நடக்காது. விட வேண்டும்," என்றார் பெவ்.

"நீங்களே செய்யலாமே?"

"எனக்கு பஸ் இருக்கிறது. பென்ஷன் வரப்போகிறது. இந்தத் தொழிலை மட்டும் செய்து வாழ்கிற ஒருவரை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை. நீ பார்த்தால் வந்து சொல்லு."

பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. உண்மையிலேயே அப்படி ஒருவர் இருக்கிறாரா?

டிரம் கோர் என்றால் என்ன?

இந்தத் தொடரில் இரண்டு மூன்று இடங்களில் டிரம் கோர் என்று எழுதிவிட்டேன். அது என்ன, பாண்ட் வாத்தியமா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட அதுதான். ஆனால் முழுதும் அது இல்லை.

பித்தளை ஊதுகுழல்கள், டிரம்கள், கொடிகள். அவ்வளவுதான். வயலின் இல்லை, பாட்டு இல்லை. ஒருவரும் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மைதானத்தில் நடந்துகொண்டும் ஓடிக்கொண்டும் வாசிக்க வேண்டும். மேலேயிருந்து பார்க்கிறவருக்கு அறுபது பேர் ஒரு வட்டமாகத் தெரிவார்கள். அந்த வட்டம் உடைந்து கோடாகும், கோடு வளைந்து வேறொன்றாகும். எத்தனை அடி, எந்தக் காலில் தொடக்கம், எந்த இடத்தில் திரும்புவது எல்லாம் தாளில் எழுதியிருக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிட ஆட்டத்துக்கு ஒரு வருடம் பயிற்சி.

எனக்கு இது நெதர்லாந்தில் ஒட்டிய வியாதி. அப்பா அங்கே முதலில் தக்காளி வளர்க்கிற கண்ணாடிக் கூடமொன்றில் வேலை செய்தார். நாங்கள் இருந்த சின்ன ஊரில் சனிக்கிழமைகளில் பாண்ட் தெருவால் போகும். எனக்கு ஒன்பது வயது. டச்சு அரைகுறை. வகுப்பில் யார் என்ன சொன்னாலும் அரை வினாடி பிந்தித்தான் எனக்கு விளங்கும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரிப்பேன்.

அந்த பாண்டில் சேர்ந்த பிறகு, முதல் தடவையாக எல்லோரோடும் ஒரே நேரத்தில் ஒன்றைச் செய்தேன். பிந்தாமல். அந்தச் சந்தோசத்தை எந்த மொழியிலும் இதுவரை எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

எனக்குப் பதினேழு வயதில் குடும்பத்தோடு லண்டன் வந்தோம். படித்தேன். உள்ளூராட்சிக் கவுன்சிலில், வீட்டு வாடகைக்கு அரசாங்கத்தின் பெனிபிட் கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கிற பிரிவில் வேலை கிடைத்தது. நிரந்தர வேலை. அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தார்.

மாமாவின் பகிடி

பெவ் கேட்டதை வீட்டில் சொன்னேன். அம்மா சவுத்தாலில் இருக்கிற தன் அண்ணருக்குச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கில் மாமா என்னைக் கண்டார். மேசையில் எட்டுப் பேர் இருந்தோம்.

"எங்கட ஆக்கள் மேளத்தைக் காசு குடுத்து வாசலுக்குக் கூப்பிடுற ஆக்கள், பிள்ளை. நீ என்னெண்டா அதைத் தோளிலை கொழுவிக்கொண்டு திரியப் போறியாம்?"

மேசை சிரித்தது. மாமா கெட்ட மனிதர் இல்லை. எங்களை லண்டனுக்குக் கூப்பிட்டு, முதல் மூன்று மாதம் தன் வீட்டில் வைத்திருந்தவர். அதனால்தான் அப்பாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இலையில் இருந்த வடையைப் பிய்த்துப் பிய்த்துப் பொடியாக்கினார். சாப்பிடவில்லை.

எனக்கு ஒரு கிழமை நித்திரை சரியாக வரவில்லை. கோபம் மாமாவோடா, அப்பாவோடா என்று கூட எனக்குத் தெரியவில்லை.

ரயிலேறிப் போய்ப் பார்த்த மனிதர்

பெவ் கேட்ட ஆளைத் தேடத் தொடங்கினேன். தெரிந்த கோர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதினேன். 'முழுநேரமாக இதையே செய்கிறவர் யாராவது உண்டா?' ஒருவர் தபால்காரர் என்று பதில் வந்தது. இன்னொருவர் கூரை வேய்கிறவர். கடைசியில் ஒரு பெயர் அகப்பட்டது: கிரஹாம். வடக்கே, ரயிலில் இரண்டு மணித்தியாலம்.

தோட்டத்து மரக்கொட்டிலில் இருந்தார். சுவர் முழுக்க டிரம் தோல்கள். மேசையில் கணினி. ஒரே நேரத்தில் பதினான்கு குழுக்களுக்கு இசை எழுதிக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். எழுதுவது எத்தனை நாள், யார் ஒழுங்காக நடந்துகொள்வார்கள், எந்த மாதத்தில் ஒரு வேலையும் வராது, எல்லாம். நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

"அப்படியென்றால் இதிலே வாழலாம்?"

"நான் வாழ்கிறேனே," என்றார்.

நான்கு மணிபோலக் கதவு திறந்தது. தாதிச் சீருடையில் அவர் மனைவி. கால் வீங்கியிருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சரிந்தார். கிரஹாம் எழும்பித் தேத்தண்ணி போட்டார். எனக்கும் ஒரு கோப்பை தந்தபடி சொன்னார்:

"இதையும் எழுதிக்கொள். நான் முழுநேரம் இதைச் செய்வது அவள் முழுநேரம் அதைச் செய்வதால்."

திரும்பி வருகிற ரயிலில் கொப்பியைத் திறக்கவே மனம் வரவில்லை.

பத்து நிமிட நடையில்

மனோர் பார்க்கில் இறங்கி நடந்தேன். கோயில் பக்கமிருந்து தவில் சத்தம். ஏதோ பூசை. எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டு கடந்துபோன சத்தம். அன்றைக்கு நடு நடைபாதையில் நின்றுவிட்டேன்.

முழுநேரமாக மேளம் அடித்து வாழ்கிற மனிதரைத் தேடி இரண்டு மணித்தியாலம் ரயிலில் போய் வந்திருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒருவர் இருக்கிறார். அவரை எனக்கு ஞாபகமே வரவில்லை!

கோயிலில் தவில் அடிக்கிற கேதீஸ் அண்ணைக்கு அப்போது நாற்பது வயது இருக்காது. பிரான்சில் பத்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கோயிலில் கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான். பூசை முடியும் வரை நின்று, நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணை, மேளம் மட்டும் அடிச்சு லண்டனிலை சீவிக்க ஏலுமோ?"

"ஏன் தங்கச்சி, ஆருக்குக் கேக்கிறியள்?"

"எனக்குத்தான்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். முழுக் கதையையும் சொன்னேன். அடுத்த ஞாயிறு பயிற்சியைப் பார்க்க வந்தார். அவருக்கு எங்கள் இசை பெரிதாகப் படவில்லை. "கணக்குச் சின்னன்," என்றார். ஆனால் டிரம்மைத் தாங்குகிற அலுமினியச் சட்டத்தை விட்டு அவர் கண் எடுபடவில்லை. தவில் வார் இருபத்தைந்து வருடமாக அவர் வலத் தோளைத் தின்றுகொண்டிருந்தது. நிமிர்த்தினால் கை காது வரைக்கும் போகாது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குத் தவிலோடு வந்தார். அப்பா அளவு நாடாவை எடுத்தார். இரண்டு பேருமாக வரவேற்பறையில் சட்டத்தைப் பூட்டிக் கழற்றி, கழற்றிப் பூட்டி, மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள். தவில் கிடையாக இருக்க வேண்டிய வாத்தியம். சட்டமோ டிரம்மை நிமிர்த்திப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. மூன்று சனிக்கிழமை முயன்றும் சரிவரவில்லை. சரிவரவே இல்லை.

அப்படியொரு சனிக்கிழமையில்தான், அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கேதீஸ் அண்ணை சொன்னார்.

"நீங்கள் ஊர் ஊராப் போய்க் கேக்கிறியள், இதிலை சீவிக்க ஏலுமோ எண்டு. எனக்கு அப்பிடியொரு கேள்வி இருக்கெண்டே தெரியாது தங்கச்சி. அப்பா அடிச்சார், அண்ணர் அடிச்சார். ஏழு வயசிலை என்ரை விரலிலையும் தவில் அடிக்கிற கூடு போட்டு விட்டிட்டினம்."

"உங்களுக்குப் பிடிக்காதோ அண்ணை?"

"அடிக்கேக்கை பிடிக்கும். அது வேறை. கலியாண ஹோலுக்குப் பின்கதவாலை வரச்சொல்லுவினம். சாப்பாடு கடைசிப் பந்தி. சில இடத்திலை பார்சல். முப்பது வருசமா நான் ஒரு கலியாண வீட்டிலும் முன்வரிசையிலை இருந்து சாப்பிடேல்லை."

மாமாவின் ஒரு பகிடிக்கு நான் ஒரு கிழமை நித்திரை இல்லாமல் கிடந்திருந்தேன். அதை இவரிடம் வேறு பெரிதாகச் சொல்லியிருந்தேன். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்ப என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டவர் அப்பா.

கேதீஸ் அண்ணை கொஞ்சம் வெட்கப்பட்டார். "சிரிக்கக் கூடாது. பெரிய வாகனம் ஓடோணும். பஸ்ஸோ, ட்ரெயினோ. பிரான்சிலையே விருப்பம்."

அப்பா சிரிக்கவில்லை. "பிள்ளை, உன்ரை வெள்ளைக்கார அம்மா பஸ் ஓடுறவவெல்லே?" என்றார்.

அந்த வைகாசி

அந்த வருடச் சித்திரையும் வைகாசியும் எங்கள் வீடுகளில் எப்படிக் கழிந்தன என்று இந்த வாசகர்களுக்கு நான் விரித்து எழுதத் தேவையில்லை. ஞாயிறு, திங்கள் என்ற வித்தியாசம் இல்லாமல் போயிற்று. வேலை முடிந்து நேரே வெஸ்ட்மின்ஸ்டருக்கு, பாராளுமன்றத்துக்கு முன்னால் நடந்த போராட்டத்துக்குப் போவேன். அப்பா, அம்மா அங்கேதான் நிற்பார்கள். அம்மாவின் தங்கச்சி குடும்பம் வன்னியில், யுத்தத்துக்குள். மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

அங்கே யாரோ என்னை அடையாளம் கண்டு, "நீர் அடிக்கிறனீர்தானே?" என்று ஒரு டிரம்மைக் கையில் தந்தார்கள். கூட்டம் கத்துகிற கத்தலுக்கு அடித்தேன். பதினேழு வருடமாக ஒரே உயரம், ஒரே இடைவெளி என்று பழக்கிய கைகள். அன்றைக்கு இரண்டு அடி ஒன்றுபோல விழவில்லை. அடித்துக்கொண்டே இருந்தேன்.

பெவுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் வந்து போனது. அவர் போன் எடுத்துக் கேட்கவில்லை. 'அவள் வீட்டில் சாவு நடந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள்' என்று பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லியிருந்தாராம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், முகாமிலிருந்து சின்னம்மாவின் குரல் கேட்டது. இரண்டு நிமிடம். சித்தப்பா இல்லை என்றார். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார்.

அதற்கு மூன்றாம் நாள் அம்மா காலையில் பாண் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பள்ளிக்கூட வேலைக்கு என்ன சொன்னனி?"

"ஒண்டும் சொல்லேல்லை அம்மா."

"ஓமெண்டு சொல்லு. மாமாவோடை நான் கதைக்கிறன்."

பாணுக்குப் பட்டர் பூசினார். தட்டத்தை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு கடிதங்கள்

கவுன்சிலில் என் மேலாளர் சாண்ட்ரா. ராஜினாமாக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். அது ஊர் முழுக்க வேலை போய்க்கொண்டிருந்த வருடம்.

"வேலை போனவர்கள் இந்த மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். நீ மேசைக்கு உள்பக்கத்திலிருந்து எழும்பிப் போகிறாய். டிரம் அடிக்கவா?"

"அடிக்கப் பழக்குவதற்கு."

அவர் தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக, "ஏதாவது பிழைத்துப் போனால் ஆறு மாதத்துக்குள் வந்து கேள்," என்றார்.

அதே கிழமை எங்கள் சமையலறை மேசையில் இன்னொரு கடிதம் எழுதினேன். கேதீஸ் அண்ணைக்கு பஸ் ஓட்டுநர் விண்ணப்பம். பெவ்தான் வாங்கித் தந்தார். படிவம் நிரப்புவது எனக்குக் கை வந்த வேலை.

"நேரம் தவறாமல் வேலைக்கு வந்ததற்கு உதாரணம் கேக்கினம், அண்ணை."

அவர் யோசித்தார். "இருபத்தஞ்சு வருசத்திலை ஒரு முகூர்த்தமும் பிந்தேல்லை."

அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் அரை மணித்தியாலம் கேட்டார்களாம். முகூர்த்தம் என்றால் என்ன, பிந்தினால் என்ன நடக்கும், யார் நேரம் குறிப்பது என்று. வேலை கிடைத்தது.

மார்கழியில் ஸ்ட்ரெதம் பக்கம் ஒரு தடத்தில் ஓடத் தொடங்கினார். "கலியாணத்துக்குக் கூப்பிடுறவைக்கு, ஷிப்ட் பாத்துச் சொல்லுறன் எண்டு சொல்லேக்கை," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார், "வாயுக்கை கற்கண்டு மாதிரி இருக்கு." தவிலை விடவில்லை. கோயில் திருவிழாவுக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்து வாசிப்பார். அப்படியொரு வாசிப்பை அவரிடம் முன்பு நான் கேட்டதில்லை.

செப்டம்பர்

முதல் வகுப்பு நாசமாகப் போனது. முப்பது பிள்ளைகள், முப்பது சோடிக் குச்சிகள். நான் வாய் திறக்க முதல் கட்டடம் அதிரத் தொடங்கியது. பக்கத்து வகுப்பு ஆசிரியை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அடுத்த நாள் குச்சிகளை, பெவிடம் இரவல் வாங்கிய வானிலேயே விட்டுவிட்டு வந்து, நடக்கப் பழக்கினேன். இரண்டு கிழமை வெறும் நடை. மூன்றாம் கிழமை அவர்களே கேட்டார்கள்: "மிஸ், எப்போது டிரம் தருவீர்கள்?"

ஐப்பசியில் மூன்று பள்ளிக்கூடங்களில் ஒன்று விலகியது. நான்கு நாள் இரண்டரை நாளாயிற்று. சாண்ட்ரா சொன்ன ஆறு மாதத்தை நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். பிறகு கிரஹாமுக்கு போன் எடுத்தேன். அவர் தனக்கு வந்த வேலைகளில் இரண்டை என் பக்கம் அனுப்பினார். டிரம் தோல் மாற்றிக் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் கென்டுக்குப் போய் ஒரு குழுவுக்குப் பழக்கினேன். மேசை விளக்கடியில் தாளம் எழுதினேன். ஒன்றும் பெரிதாக இல்லை. எல்லாம் சேர்ந்தபோது ஒரு கிழமை நிறைந்தது. பிறகு ஒரு மாதம். இப்போது பதினைந்து வருடத்துக்கு மேல்.

அந்த முதல் மாதம் நிறைந்தபோது பெவிடம் போய்ச் சொன்னேன்: "நீங்கள் கேட்ட ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன்."

ஆனால் அந்த வருடத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது வேறொன்று.

கார்த்திகை மாதம். டிரம்களை ஏற்றி இறக்க ஒரு பழைய வான் வாங்கியிருந்தேன். அதற்குக் காப்புறுதி எடுக்க அப்பா போனில் இருக்கிறார். இந்த மாதிரி விசயங்களை வேறு யாரையும் செய்யவிட மாட்டார். நான் படியில் இருந்து குச்சிகளுக்கு ரேப் சுற்றிக்கொண்டிருந்தேன். பெயர், பிறந்த திகதி, முகவரி. பிறகு தொழில்.

அப்பா போனின் வாயைக் கையால் பொத்தினார்.

"பிள்ளை, லிஸ்ட்டிலை உன்ரை வேலை இல்லையாம். மியூசிசியன் எண்டு போட்டால் காசு கூடவாம். டீச்சர் எண்டு போடட்டோ?"

"போடுங்கோ அப்பா. டீச்சர் எண்டாலும் சரிதானே."

அவர் என்னைப் பார்த்தார். என் மடியில் கிடந்த குச்சிகளைப் பார்த்தார். கையை எடுத்தார்.

"நோ டீச்சர்," என்றார். அப்பாவின் ஆங்கிலம் டச்சுக் கலந்தது, எப்போதும் கொஞ்சம் அதட்டுவது போல இருக்கும். "மை டோட்டர் இஸ் டிரம் கோர்."

மறுமுனையில் அந்தப் பெண் ஏதோ கேட்டாள். பகுதிநேரமா என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஃபுல் டைம்," என்றார் அப்பா. "யூ ரைட். ஐ ஸ்பெல்."

சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, அவள் எழுதி முடிக்கும் வரை நின்று நின்று சொன்னார்.